எங்கள் வீட்டில் பாலன் பிறப்பது காலை எட்டரைக்கு

ஊருக்கெல்லாம் நடுச்சாமத்தில் பாலன் இயேசு பிறந்துவிடுவார். கீழ வெளி வீதி மாதா கோவிலில் மணி அடிக்கும், வெடி வெடிக்கும். எங்கள் சந்தில் நாலு கிறிஸ்தவ வீடுகள். மூன்றில், பூசை முடிந்து வந்த கையோடு குடிலில் குழந்தை சுரூபத்தை வைத்துவிடுவார்கள். நாலாவது வீடு எங்களுடையது. இங்கே பாலனைக் கிடத்தும் தொட்டி விடியும்வரை காலியாகத்தான் கிடக்கும். மாதாவும் சூசையப்பரும் இரண்டு பக்கமும் மண்டியிட்டு வெறும் வைக்கோலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒரு வருடம் 25ஆம் தேதி விடியற்காலையில் பால் ஊற்ற வந்தவர் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னக்கா, புள்ளையக் காணோம்?" என்று பதறிவிட்டார்.

காரணம் என் வேலை. நான் நர்ஸ். மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில், ஆண்கள் எலும்பு முறிவு வார்டில் இருக்கிறேன். எங்களில் பாதிப் பேர் கிறிஸ்தவர்கள். நாகர்கோவில், தூத்துக்குடி, திண்டுக்கல் என்று பல ஊர்களிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருக்கும் பிள்ளைகள். டிசம்பர் டூட்டி லிஸ்ட் போடும்போது 24 ராத்திரியை யாருக்குக் கொடுப்பது என்பது இன்சார்ஜ் சிஸ்டருக்குப் பெரிய பாடு. கடைசியில் சீட்டுக் குலுக்கிப் போடுவோம். கல்யாணமானதிலிருந்து 19 கிறிஸ்துமஸ் பார்த்துவிட்டேன். அதில் 11 இரவுகள் வார்டில் போயின. மீதி எட்டில் பாதி, என் தோழி எனக்குக் கொடுத்தவை. அவள் முஸ்லிம். பெருநாள் சமயத்தில் அவள் டூட்டியை நான் பார்ப்பேன், கிறிஸ்துமஸுக்கு என் டூட்டியை அவள் பார்ப்பாள். இருவருக்கும் ஒரே இரவு விழுந்துவிட்டால் மட்டும் ஒன்றும் செய்ய முடியாது. அந்த வருடங்களில் அதிகாலை மூன்று மணிக்கு அவள் டப்பாவிலிருந்து கேக், என் டப்பாவிலிருந்து முறுக்கு.

முதல் வருடக் கதையைச் சொல்லியாக வேண்டும்.

2007 மே மாதம் கல்யாணம். அந்த டிசம்பர்தான் புகுந்த வீட்டில் முதல் கிறிஸ்துமஸ். என் மாமியாரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். பூசை, செபமாலை, ஒருசந்தி விரதம் எல்லாவற்றிலும் கறாரானவர். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாலு வாரத் திருவருகைக் காலம் தொடங்கிவிட்டால் வீட்டில் சினிமாப் பாட்டு கிடையாது. மேசையில் நாலு மெழுகுவத்தி இருக்கும். மூன்று ஊதா, ஒன்று ரோஸ். ஞாயிறுக்கு ஒன்றாக ஏற்றுவோம், மூன்றாவது ஞாயிறு ரோஸ். குடிலில் வைக்கும் தீவனத் தொட்டியை மட்டும் டிசம்பர் ஒன்றாம் தேதியே எடுத்து மாடத்தில் வைத்துவிடுவார். பக்கத்தில் ஒரு பிடி வைக்கோல், நறுக்கி. யாருக்கும் தெரியாமல் ஒரு நல்லது செய்தால் ஒரு துரும்பு எடுத்துத் தொட்டியில் போட வேண்டும். என்ன செய்தாய் என்று யாரும் கேட்கக் கூடாது, சொல்லவும் கூடாது. பாலனுக்கு மெத்தை அப்படித்தான் சேர வேண்டும். இதை நான் பிறந்த வீட்டில் பார்த்ததில்லை. கேட்டவுடனே எனக்குப் பிடித்துப்போன வழக்கம் இது.

டிசம்பர் 18, 19 வாக்கில் அதிரசத்துக்கு மாவு இடித்தோம். பாகுப் பதம் பார்க்கும் பொறுப்பை அத்தை எனக்குக் கொடுத்தார். புது மருமகளுக்கு அது பெரிய மரியாதை. ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டால் கரையாமல் விரலுக்குள் உருண்டு வர வேண்டும். எனக்கு அன்று இரவு டூட்டி, கண்ணெல்லாம் எரிச்சல். உருண்ட மாதிரி இருந்தது, இறக்கிவிட்டேன். மூன்று நாள் ஊறவைத்து, இலையில் தட்டி எண்ணெயில் போட்டதும் ஓரம் பிய்ந்தது. அடுத்தது நுரையோடு நுரையாகக் கரைந்தது. சட்டி முழுக்கத் திப்பி. அத்தை அடுப்பை அணைத்தார், மாமாவைக் கடைக்கு அனுப்பி அரிசி மாவு வாங்கி வரச்சொன்னார், மாவைக் கெட்டியாக்கி மீதியைச் சுட்டு எடுத்தார். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

அதற்கு மறுநாள்தான் 24 ராத்திரிச் சீட்டு எனக்கு விழுந்த செய்தியை வீட்டில் சொல்ல வேண்டியிருந்தது. "நடுச்சாமப் பூசைக்கு நான் வர முடியாது அத்தை, டூட்டி." அத்தை வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமல் "ம்ம்" என்றார். அந்த "ம்ம்"மைக் கோபம் என்று எடுத்துக்கொண்டு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

24ஆம் தேதி இரவு எட்டு மணிக்கு ஓவர் எடுத்தேன், அதாவது வார்டுப் பொறுப்பை வாங்கிக்கொண்டேன். 22 கட்டில், எல்லாம் ஆள். ஒன்பதரைக்கு அப்பா போன் செய்தார். எங்கள் ஊர் இடைக்காட்டூர் பக்கம், மதுரையிலிருந்து 36 கிலோமீட்டர். வைகைக் கரையை ஒட்டின அந்தச் சின்ன ஊரில், பிரான்ஸ் நாட்டு ரீம்ஸ் பேராலயத்தின் சாயலில் ஒரு கோவில் நிற்கிறது. பெர்டினாண்ட் செல் என்ற பிரெஞ்சு குருவானவர் கட்டியது, 1894இல். சின்ன வயதில் அதன் ஊசிக் கோபுரங்கள் பனியில் பாதி மறைந்து நிற்பதைப் பார்த்துக்கொண்டே, அப்பாவின் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு, வரப்பில் நடந்து நடுச்சாமப் பூசைக்குப் போவோம். திருவருகைக் காலம் முழுக்கப் பூசையில் வானவர் கீதம் பாடமாட்டார்கள். அன்று ராத்திரிதான் திரும்பப் பாடுவார்கள், பாட ஆரம்பித்ததும் எல்லா மணிகளையும் சேர்த்து அடிப்பார்கள். தூங்கி விழுந்துகொண்டிருக்கும் பிள்ளைகள் எல்லாம் திடுக்கிட்டு எழுந்து சிரிப்போம். அந்த மணிச் சத்தம் இல்லாமல் எனக்கு ஒரு கிறிஸ்துமஸ்கூடப் போனதில்லை, அன்று வரை.

அப்பாவின் குரலைக் கேட்டதும் உடைந்துவிட்டேன். அப்பா கொஞ்ச நேரம் அழவிட்டார். பிறகு சொன்னார்:

"அழுவாதத்தா. நம்ம வயல்ல கெடை போட்டுருக்கயில நீ பாத்துருக்கேல்ல. ஊரே தூங்கும், கீதாரி மட்டும் கம்ப ஊனிக்கிட்டு முழிச்சுக் கெடப்பான். பெத்லகேம்லயும் அன்னைக்கு ஊரே தூங்குச்சு. ஏரோது தூங்குனான், பெரிய பெரிய குருமாரெல்லாம் தூங்குனாக. கெடைக்காவல்ல முழிச்சுக் கெடந்தவனுக்குத்தான் சம்மனசு மொத சேதி சொல்லுச்சு. நீயும் கெடைக்காவல்லதான் இருக்க. போ, போயி ஆட்ட எண்ணிப் பாரு."

இடைக்காட்டுச் சித்தர் ஆடு மேய்த்த மண் என்று சொல்லப்படும் ஊர் எங்களுடையது. ஆட்டு மந்தையை ராத்திரி வயலில் அடைத்து வைப்பது கிடை, மந்தைக்குப் பொறுப்பானவர் கீதாரி. இதெல்லாம் எங்களுக்குப் படித்துத் தெரிந்த வார்த்தைகள் இல்லை. கோடையில் கமுதி, பரமக்குடிப் பக்கமிருந்து மந்தை வந்து இறங்கினால், எரு வேண்டும் என்று அப்பா போய் கீதாரியிடம் பேசிக் கிடை போடச் சொல்வார். லூக்கா நற்செய்தியில் சம்மனசு, அதாவது வானதூதர், இடையர்களிடம் வரும் இடத்தை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அவர்கள் நைட் டூட்டியில் இருந்தவர்கள் என்று அன்றுதான் புரிந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு போய் 22 கட்டிலையும் எண்ணிப் பார்த்தேன்.

உசிலம்பட்டிப் பக்கத்துத் தாத்தா ஒருவர், தொடை எலும்பு முறிந்து, காலில் எடை தொங்கப் படுத்திருந்தார். "என்னத்தா, இன்னைக்கு ஒங்க சாமி பொறக்குற ராத்திரியாமுல்ல, நீ இங்கன நிக்கிற?" என்றார். "டூட்டி தாத்தா" என்றேன். அவருக்கும் தூக்கமில்லை, வலி. பன்னிரண்டு மணி ஊசிக்கு மருந்து எடுத்துக்கொண்டிருந்தபோது தூரத்தில் வெடிச் சத்தம் கேட்டது. தாத்தா காலை அசைக்க முடியாமல், படுத்தபடியே சத்தம் வந்த பக்கமாக இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார்.

"பொறந்துருச்சா?"

"பொறந்துருச்சு தாத்தா."

என் வாழ்நாளில் அந்தச் செய்தியை நான் முதன்முதலாகச் சொன்னது அவருக்குத்தான்.

காலையில் ஓவர் கொடுத்துவிட்டு, பஸ் பிடித்து வீட்டுக்கு வரும்போது எட்டரை. கால் இரண்டும் வீங்கிச் செருப்பு வார் பதிந்திருந்தது. கதவு திறந்தே இருந்தது. நேற்று இருந்தபடியே, நட்சத்திரத்துக்குள் பல்பு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. உள்ளே நுழைந்ததும் குடிலைத்தான் பார்த்தேன். தொட்டி காலி. ஒரு நிமிடம் நெஞ்சு அடைத்துவிட்டது. சுரூபம் உடைந்துவிட்டதோ, என்னவோ நடந்துவிட்டதோ என்று.

அத்தை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பூசைக்குக் கட்டிய அரக்குப் பட்டை இன்னும் மாற்றவில்லை. நடுச்சாமப் பூசை முடிந்து இரண்டு மணிக்கு வந்தவர் படுக்கவே இல்லை என்று பிறகு அவர் சொன்னார், என் கணவர். அத்தை முந்தானையை விரித்தார். உள்ளே பாலன். ராத்திரி முழுக்க அப்படியே மடியில் வைத்திருந்திருக்கிறார்.

"நீ வராம எப்படித்தா வைக்கிறது?" என்றார். "குடும்பத்துல ஒரு ஆளு வெளிய நிக்கயில புள்ளை எப்படிப் பொறக்கும்? போ, கையக் காலக் கழுவிட்டு வா. நீயே வை."

கை காலைக் கழுவிவிட்டு வந்தேன். தொட்டியில் வைக்கோல் மெத்தென்று நிறைந்திருந்தது. நான் அந்த மாதம் போட்டது ஏழோ எட்டோ துரும்புதான்.

அந்த "ம்ம்"முக்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்டதே இல்லை. கேட்கத் தேவைப்படவில்லை. அதன் பிறகு எனக்கு டூட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் எங்கள் வீட்டில் பாலன் பிறக்கும் நேரம் எட்டரை என்று நிலைத்துவிட்டது. பிள்ளைகளுக்கு வேறு நேரமே தெரியாது. மகன் இரண்டாம் வகுப்பில் ஞாயிறு மறைக்கல்வியில், "இயேசு எப்போது பிறந்தார்?" என்ற கேள்விக்கு "காலை எட்டரை" என்று சொல்லிவிட்டு வந்தான்.

குடில் சுரூபங்கள் 1979இல் மாமா வாங்கியவை, என் கணவர் பிறந்த வருடம். களிமண். ஆண்டுக்கு ஒருமுறை பழைய வேட்டித் துணியைப் பிரித்து எடுக்கும்போது வீட்டில் யாரும் பேசமாட்டோம், அவ்வளவு கவனம். மாட்டுக்கு ஒரு கொம்பு இல்லை. பாலனின் வலது கைச் சுண்டுவிரல் போய்விட்டது. நாலு வயதில் இவர் குளிப்பாட்டுகிறேன் என்று அண்டாவுக்குள் போட்டதில் ஒடிந்ததாம். புதிது வாங்கலாம் என்று நான் ஒருமுறை சொன்னேன். அத்தை அந்த மூளி விரலைத் தடவிக்கொண்டே, "கண்ணு தெரியாமப் போனாக்கூட இத வச்சு நான் நம்ம புள்ளையக் கண்டுபுடிச்சிருவேன்" என்றார். அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டேன்.

நாங்கள் குடில் போடும் முறையும் சொல்கிறேன், கேட்பவர்கள் உண்டு. பத்து நாள் முன்னால் கொட்டாங்கச்சியில் மண் போட்டு கேழ்வரகு விதைத்துவிட வேண்டும். 24ஆம் தேதிக்கு ஒரு விரல் உயரம் வந்து பச்சைப் பசேல் என்று இருக்கும். பாறைக்குச் சிமெண்ட் சாக்குக் காகிதத்தைக் கசக்கி, மைதாப் பசையில் நனைத்து, காய்ந்தபின் கரியும் நீலமும் கலந்து பூசுவோம். வைக்கோல் என் தம்பி ஊரிலிருந்து பையில் கொண்டுவருவான். நகரத்துக் கடையில் விற்கும் வைக்கோலில் அந்த வாசம் இல்லை. குளத்துக்கு என் பழைய கைக்கண்ணாடி. அசிசி நகர் பிரான்சிஸ் 1223இல் இத்தாலியில் கிரேச்சோ என்ற ஊரில் முதல் குடில் போட்டபோது சுரூபமெல்லாம் இல்லை, நிஜ மாடும் கழுதையும் நிஜ வைக்கோலும்தான். எண்ணூறு வருடம் தாண்டி, கீழ வெளி வீதிச் சந்தில் ஒரு கொட்டாங்கச்சியில் கேழ்வரகு முளைக்கிறது. நாற்றுக்குத் தண்ணீர் தெளிக்கும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்வேன்.

போன வருடம் எங்கள் குடிலுக்கு ஒரு சீர் வந்தது. மார்கழித் தேய்பிறை அஷ்டமியில் மீனாட்சியம்மனும் சுவாமியும் சப்பரத்தில் வெளி வீதிகளைச் சுற்றி வருவார்கள். எறும்பு முதல் யானை வரை எல்லா உயிருக்கும் இறைவன் படியளந்ததை நினைத்து வீதி நெடுக அரிசியைத் தூவிக்கொண்டே போவார்கள். அம்மன் சப்பரத்தைப் பெண்கள்தான் இழுப்பார்கள். சில வருடம் அது கிறிஸ்துமஸை ஒட்டி வரும், சில வருடம் பொங்கல் பக்கம் போய்விடும். போன வருடம் கிறிஸ்துமஸுக்கு ஓரிரு நாள் முன்னால் வந்தது. எதிர்வீட்டு அக்கா வடம் பிடித்துவிட்டு, உள்ளங்கையில் அந்த அரிசியோடு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். அது வீட்டில் இருந்தால் சோற்றுக்குப் பஞ்சமில்லை என்று அரிசிப் பானையில் போட்டு வைப்பார்கள். அக்கா பாதியைத் தன் முந்தானையில் முடிந்துகொண்டு, மீதியைக் குடிலில் ஒற்றைக்கொம்பு மாட்டுக்கு முன்னால் தூவினார். "எல்லா உசுருக்கும்தானே படியளக்குறாக, இதுவும் தின்னட்டும்." அத்தை பார்த்துக்கொண்டிருந்தார். "கழுதைக்கும் கொஞ்சம் போடுத்தா" என்றார்.

மற்றபடி எல்லா வீட்டையும் போலத்தான். முறுக்கு, சோமாஸ், அதிரசம். பாகுப் பதம் இப்போது நான்தான் பார்க்கிறேன். விளக்குத்தூணில் துணி, தையல்காரரிடம் நடையாய் நடப்பது, அன்பியம் என்னும் எங்கள் பகுதிக் கிறிஸ்தவக் குழுவின் பிள்ளைகள் பாடும் கேரல், 25 காலையில் நெல்பேட்டையில் கறிக்கு வரிசை. மார்கழிப் பனியில் மல்லிகை மொட்டு குறைந்து கிலோ 2000 ரூபாயைத் தாண்டிப் போகிற நாளிலும், மாதாவுக்கு ஒரு முழம் வாங்காமல் இருந்ததில்லை.

இந்த வருடம் எனக்குச் சீட்டு விழுந்தது. தோழி கேட்காமலேயே தன் பெயரை எழுதிவிட்டாள். "ஒங்க அத்தைக்கு முடியலேங்கிற. வீட்ல இரு" என்றாள். அத்தைக்கு இப்போது 79. முழங்கால் இரண்டும் மடங்காது, அக்டோபரிலிருந்து அதிகமாகப் படுக்கைதான். மாமா இல்லை, ஐந்து வருடமாகிவிட்டது. நடுச்சாமப் பூசைக்கு நாங்கள் நாலு பேரும் போனோம். வானவர் கீதத்துக்கு மணிகள் அடித்தபோது, வார்டில் அந்த நேரம் பன்னிரண்டு மணி ஊசிக்கு மருந்து எடுத்துக்கொண்டிருக்கும் தோழியை நினைத்துக்கொண்டேன். வரிசையில் நின்று பாலனின் பாதத்தை முத்தி செய்துவிட்டு வீடு வர இரண்டு மணி.

அத்தை தூங்கிக்கொண்டிருந்தார். வலி மாத்திரையில் வந்த தூக்கம், எழுப்ப மனம் வரவில்லை. "எல்லாரும்தான் இருக்கோமே, வச்சிரலாமா?" என்றார் இவர். மகள் சட்டென்று, "அப்பத்தா முழிக்கலையேப்பா" என்றாள்.

அவர்கள் படுத்துவிட்டார்கள். நான் பட்டுப் புடவையோடு அத்தையின் கட்டில் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். பாலனை முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன். களிமண் முதலில் ஜில்லென்று இருந்தது, கொஞ்ச நேரத்தில் என் சூட்டை வாங்கிக்கொண்டது. இரவு விழித்திருப்பது எனக்குப் பழக்கம். இரண்டு மணிக்கு ஒருமுறை அத்தையைப் புரட்டிப் படுக்க வைத்தேன், தண்ணீர் கொடுத்தேன். நட்சத்திரத்தின் சிவப்பு வெளிச்சம் ஜன்னல் வழியாக அவர் கையில் விழுந்துகொண்டிருந்தது. 2007இல் அத்தையும் இப்படித்தான் இருந்திருப்பார் என்று தோன்றியது. ஆறரை மணி நேரம். ஒரு மருமகளுக்காக, அதுவும் அதிரசத்தைக் கரைத்தவளுக்காக.

ஏழே முக்காலுக்குக் கண் திறந்தார். என்னைப் பார்த்தார், புடவையைப் பார்த்தார். "டூட்டியிலருந்து வந்துட்டியா?" என்றார். "வந்துட்டேன் அத்தை" என்றேன். முந்தானையை விரித்தேன். கையை நீட்டித் தடவினார். சுண்டுவிரல் இருக்க வேண்டிய இடத்தில் அவர் விரல் நின்றது.

"நம்ம புள்ளைதான்" என்றார். "மணி என்ன?"

"எட்டாகப் போகுது அத்தை."

"அப்ப இரு. இன்னும் அரமணி நேரம் கெடக்கே. மொத எனக்குப் பல்லு வெளக்கித் தலை சீவி விடு."

சரியாக எட்டரைக்கு, மகனும் இவரும் அத்தையை நாற்காலியோடு தூக்கிக் குடில் முன்னால் வைத்தார்கள். அவர் கையாலேயே வைத்தார்.

இதை எழுதும்போது 28ஆம் தேதி. பாலனைப் பார்க்க வரும் மூன்று ராசாக்களின் சுரூபங்கள் இன்னும் வந்து சேரவில்லை. அவர்களைக் குடிலில் நேரே வைக்கமாட்டோம். தூரத்திலிருந்து வருகிறவர்கள், தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துவோம். ஜனவரியில் ராசாக்கள் திருநாளுக்குத்தான் போய்ச் சேர்வார்கள். இன்று ஃப்ரிட்ஜ் மேல் இருக்கிறார்கள். இன்று இரவு எனக்கு டூட்டி. நாளைக்கு அவர்களைத் தையல் மெஷின் வரைக்கும் நகர்த்திவிடும்படி மகளிடம் சொல்லியிருக்கிறேன்.